வட்டியில்லாத பன்னிரண்டு மாதம்

அவர் லிப்ட் மெக்கானிக். இருபது வருடமாகக் கிணறு போன்ற இருட்டுப் பள்ளங்களில் இறங்கி, எண்ணெய்க் கறையோடு ஏறி வருகிறவர். கடன் என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள். மனைவி வீட்டிலேயே சமைத்து, பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவந்தாள். பழைய பிரிட்ஜ் ஒருநாள் மூச்சை நிறுத்தியதும் வேறு வழியில்லாமல் இருவரும் கடைக்குப் போனார்கள்.

இரட்டைக் கதவு பிரிட்ஜ் அறுபதாயிரம்.

"நமக்கு எதுக்குங்க இவ்வளவு பெருசு?" என்றாள் மனைவி. கை மட்டும் கதவை விடவில்லை.

"கார்டு இருக்குல்ல சார்? மாசம் ஐயாயிரம், பன்னிரண்டு மாசம். ஒரு காசு வட்டி கிடையாது," என்றான் விற்பனையாளன். "தேதி மட்டும் தவறக் கூடாது. தவறினா மிச்சத்துக்கெல்லாம் வட்டி போட்டுத் தாளிச்சிடுவாங்க."

அவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அவசரத்துக்கென்று மட்டும் வைத்திருந்த கிரெடிட் கார்டு அது; எண்பதாயிரம் வரை செலவழிக்கலாம். மாதம் ஐயாயிரம் போனாலும் எழுபத்தைந்தாயிரம் அவசரத்துக்கு இருக்கும் என்று மனக்கணக்கு போட்டார்.

மூன்றாவது வாரம், காலையில், அடுப்படியில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மருத்துவமனையில் நாற்பதாயிரம் முன்பணம் கேட்டார்கள். தைரியமாகக் கார்டை நீட்டினார். மெஷின் ஏற்கவில்லை. மறுபடி செருகினார்கள். அப்போதும் இல்லை.

வங்கிக்குப் போன் போட்டார்.

"சார், பிரிட்ஜோட முழு விலையையும் அன்னிக்கே உங்க லிமிட்ல பிடிச்சு வெச்சாச்சு. நீங்க மாசா மாசம் கட்டக் கட்டத்தான் அந்தந்த அளவுக்குத் திறக்கும். இப்போ இருபதாயிரம்தான் மிச்சம்," என்றது ஒரு பெண் குரல்.

"உள்ள என் பொண்டாட்டி கிடக்குறாம்மா."

"மன்னிச்சுக்கோங்க சார். என் கையில ஒண்ணும் இல்ல."

மனைவியின் அண்ணனோடு அவருக்கு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுப் பங்கு பிரித்தபோது வந்த சண்டை. அந்த எண்ணைத் தேடி அழுத்தினார்.

"மச்சான்..."

"எந்த ஆஸ்பத்திரி?" அதற்கு மேல் அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை.

பணம் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சிகிச்சை தொடங்கியது.

"இன்னும் முன்னாடியே சிகிச்சை ஆரம்பிச்சிருந்தா டாக்டர்?" என்று மறுநாள் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. சரியாயிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம்."

அந்தப் பதிலைத்தான் அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மனைவி பிழைத்தாள். வலது கை திரும்பவில்லை; பேச்சு பாதிதான் வந்தது. சாப்பாட்டு வியாபாரம் நின்றுபோனது. அவர் இரட்டை வேலை பார்த்து, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தார்.

மைத்துனர் வாராவாரம் தங்கையைப் பார்க்க வருகிறார். கொடுத்த பணத்தைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை. அவர் கிளம்பும்வரை இவர் சமையலறையிலேயே ஏதாவது கழுவிக்கொண்டு நிற்பார்.