வெள்ளை முட்டை பொறுக்கும் ஸலேஹா

"ஏண்டி, இதுக்குப் பேரு முட்டையா? மூக்குச் சளி மாதிரி இருக்கு!" ஸலேஹா தொட்டிக்குள் தலையை விட்டுத் திட்டுகிறார். உள்ளே இருக்கும் தவளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இந்தச் சாதித் தவளைக்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது.

புவோனா விஸ்தா வட்டாரத்து ஆய்வுக்கூடத்தில் ஸலேஹாவின் பிழைப்பு இதுதான். தவளை முட்டையை நசுக்கிச் சாறு எடுப்பார். அதில் தவளை விந்தணுவைப் போடுவார். ஒல்லிப் புழுவாய் இறுகிக் கிடக்கும் அதன் டிஎன்ஏவைச் சாற்றிலுள்ள புரதங்கள் அவிழ்த்து, புதிதாய்ச் சுற்றி, குரோமாட்டின் என்ற டிஎன்ஏ-புரதச் சுருளாகக் கட்டும். எண்ணெயில் போட்ட வற்றல் மாதிரி உப்பி வரும்.

செத்து வெளுத்த முட்டைகள் கலந்தால் சாறு பாழ். அதனாலேயே கல்யாண விருந்தில் சவ்வரிசிக் கஞ்சி வந்தாலும் வெள்ளை மணிகளை ஓரம் தள்ளிவிட்டுத்தான் குடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு தவளையின் முட்டைக்கும் தனிக் கிண்ணம் என்பது அவர் போட்ட சட்டம். இன்று சக ஆய்வாளன் வெய் ஷியாங் கிண்ணத்தில் தவளையின் பெயரைக் கோணலாக எழுதிவிட்டான்.

"இது எழுத்தா, கோழி கிண்டுனதா? இப்படி எழுதுனா ஒருநாள் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டித் தொலைக்கப்போற!"

"அக்கா..."

"குறுக்கே பேசாத!"

"அக்கா, கொட்டுறது நீங்கதான்."

திட்டுகிற வேகத்தில் சளித் தவளையின் முட்டையை நல்ல முட்டைகளின் மேல் கவிழ்த்திருந்தார். ஸலேஹா கிண்ணத்தை வெடுக்கென்று நிமிர்த்தினார். முட்டையிட்ட தவளைகளுக்கு இனி மாதக்கணக்கில் ஓய்வு. ஆய்வுத் திட்டமோ இந்த மாதத்தோடு முடிகிறது. கட்டுரைக்குக் கடைசிச் சான்று இந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

"சை! என்னை நானே எப்படித் திட்டுறது?"

"நான் வேணா திட்டட்டுமாக்கா?"

"பொறுக்குடா மொதல்ல!"

இருவரும் சொட்டுக்குழலும் கையுமாகக் குனிந்தார்கள். உலகத்து வெள்ளை முட்டையெல்லாம் அங்கே மாநாடு கூடியிருந்தது. பொறுக்கி முடித்தபோது இரண்டு கழுத்தும் கொக்கி மாதிரி வளைந்து நின்றன. பிறகு முட்டைகளை இயந்திரத்தில் சுழற்றி நசுக்கி, நடு அடுக்கிலிருந்த தேன் நிறச் சாற்றை ஊசியால் உறிஞ்சி, விந்தணுவைக் கலந்து காத்திருந்தார்கள்.

ஸலேஹா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை.

"என்னக்கா? இன்னும் புழுவாவே கெடக்கா?"

உள்ளே ஒவ்வொரு விந்தணுவும் உப்பி, உருண்டு, சாயம் ஏறி நீலமாய் ஒளிர்ந்தது. ஸலேஹா முக்காட்டு ஓரத்தால் நுண்ணோக்கியின் நனைந்த கண்ணாடியைத் துடைத்தார். எழுந்து, அவனும் பார்க்கட்டும் என்று தன் நாற்காலியை அவன் பக்கம் காலால் தள்ளினார்.