இரண்டு தம்பிகளும் ஒரு பெனால்டியும்

என் வாய் சும்மா இருக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிற டீச்சர் என்று பிள்ளைகள் என்னைப் பற்றிச் சொல்வது எனக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். நான் என் வாயால் என் கொழுந்தனைக் கெடுக்கப் பார்த்தேன்.

நான் பிறந்தது பாலக்கரையில். அப்பாவும் சித்தப்பாவும் அந்தப் பகுதியின் ஃபுட்பால் கிளப்புக்கு ஆடியவர்கள். நீலச் சட்டை. அந்த கிளப் முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு கிளப் மேலே ஏறவே இல்லை. ஒவ்வொரு வருடமும் "இந்தத் தடவை ஏறிடுவோம்" என்பார் அப்பா, நாங்களும் நம்புவோம்.

கல்யாணமாகிக் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் கிரிக்கெட் பைத்தியம். என் கணவருக்கு அதுகூடக் கிடையாது. ஜெராக்ஸ் கடை உண்டு, தான் உண்டு என்று இருப்பவர். அந்த வீட்டில் ஃபுட்பால் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த கொழுந்தன். கோல்கீப்பர் ஆக வேண்டும் என்று ஆசை. பந்து அடித்துப் போட ஆள் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நான் அடித்துப் போட்டேன். புது மருமகள் பந்து உதைப்பதைப் பார்க்க எதிர்வீட்டு மாடியில் கூட்டம் கூடும். நான் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஓடிவிட்டது. அவன் ஸ்ரீரங்கம் பக்கத்து கிளப் ஒன்றின் கோலி ஆனான். பச்சைச் சட்டை. பகலில் அண்ணனோடு கடையில் இருப்பான், சாயங்காலம் மைதானம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெரிய படிப்பும் இல்லை. அந்த ஒற்றை இடம்தான், இரண்டு கம்பத்துக்கு நடுவே நிற்கிற இடம், அவன் தனக்கென்று சொல்லிக்கொள்கிற ஒன்று.

பச்சைச் சட்டையும் இரண்டாம் டிவிஷன், நீலச் சட்டையும் இரண்டாம் டிவிஷன். இத்தனை வருடம் இரண்டும் பட்டியலின் நடுவிலோ அடியிலோ கிடந்ததால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. இரண்டுக்கும் தாராளமாகக் கைதட்டினேன். பச்சைச் சட்டைக்காரர்கள் ஆட்டத்துக்கு நான் போனால் அப்பா போனில் கிண்டல் செய்வார். "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க!"

இந்த சீசனில் இரண்டு கிளப்பும் ஒன்றாக மேலே வந்து நின்றன. மேலே ஏறப்போவது ஒன்றுதான்.

சீசன் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் வந்திருந்தான். நீலச் சட்டைக்கு ஃபார்வேர்ட் ஆடுகிறவன், இருபத்து நாலு வயது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அடுத்த வாரம் இரண்டு டீமுக்கும் முதல் மேட்ச். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அக்கா, உங்க வீட்டு கோலி எப்படி? பெனால்டியெல்லாம் புடிப்பாரா?"

"புடிப்பான், அவனோட வலது பக்கம் அடிச்சா. எப்பவுமே வலது பக்கம்தான் விழுவான். பதினாறு வருஷமா பாக்குறேன்ல" என்றேன்.

அவனுக்கு உதவ வேண்டும் என்று அதைச் சொல்லவில்லை. கொழுந்தனுக்குக் கெடுதல் நினைத்தும் சொல்லவில்லை. எனக்கு ஆட்டம் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

அடுத்த வாரம் நீலச் சட்டைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சித்தப்பா மகன் அடித்தான். கொழுந்தன் வலது பக்கம் பாய்ந்தான், பந்து இடது பக்கம் உருண்டு உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். நான் துள்ளிக் குதித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முட்டி சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்த கொழுந்தனுக்கு மஞ்சள் வைத்துவிட்டபோதுதான் நான் உளறியது நினைவுக்கு வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொரு டீம், வேறொரு பெனால்டி. இடது பக்கம் கோல். மறுபடி இன்னொரு டீம், மறுபடி இடது. சித்தப்பா மகனை போனில் பிடித்துக் கத்தினேன். "ஒரே ஒருத்தன்கிட்டதான்க்கா சொன்னேன்" என்று முனகினான். அந்த ஒருவனும் இன்னொரு ஒரே ஒருவனிடம் சொல்லியிருப்பான். நான் செய்ததும் அதுதானே, யாரைக் குற்றம் சொல்வது?

பச்சைச் சட்டை கோச் ஒரு புது கோலியைக் கூட்டிவந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். நெடுநெடுவென்று உயரமான ஆள். கடையில் பேப்பர் கட்டை அடுக்கிக்கொண்டே கொழுந்தன் அண்ணனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"கடைசி மேட்ச் வரைக்கும் நீ நில்லுன்னு சொல்லிட்டாருண்ணே. அதுலயும் கோட்டை விட்டேன்னா, அடுத்த சீசன் வேற ஆளாம்."

என் கணவர், "அதுக்கென்ன, கடைய பாத்துக்கலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கொழுந்தன் அடுத்த பேப்பர் கட்டைத் தூக்கினான்.

கடைசி மேட்ச் யாருக்கும் யாருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நீலத்துக்கும் பச்சைக்கும்தான். பச்சைக்கு டிரா போதும், ஏறிவிடலாம். நீலம் ஜெயித்தே ஆக வேண்டும். அப்பா அந்த வாரம் தினம் இரண்டு தடவை போன் செய்தார். "நம்ம டீம் இந்தத் தடவை விடாது பாரு" என்பார். "ஆமாப்பா" என்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து கிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என் விஷயத்தில் அடிப்பதும் நானேதான்.

மேட்ச் அன்று காலை இட்லியைத் தட்டில் வைத்தேன். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது.

"தம்பி, பெனால்டின்னா நீ எப்பவும் வலது பக்கமே விழுற."

நிமிர்ந்து பார்த்தான். "நானா?"

"நீதான்."

"எப்பவுமேவா அண்ணி?"

"எப்பவுமே. பின்னாடி மனையில விளையாடின நாள்லேர்ந்து."

அவனுக்கு உண்மையாகவே தெரியாது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்த பழக்கம்தான், ஏதோ காரணத்தோடுதான் செய்கிறான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வலது கையையும் இடது கையையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டான்.

"அதை நான் என் தம்பிகிட்ட சொல்லிட்டேன். முதல் மேட்ச்சுக்கு முன்னாடியே. அவன்கிட்டேர்ந்து மத்தவங்களுக்கும் போயிடுச்சு. உன்மேல தப்பே இல்ல, எல்லாம் என்னாலதான்."

அவன் எழுந்தான். தட்டு அப்படியே இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா அண்ணி?" என்று மட்டும் கேட்டான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அடுக்களைக்குள் போய் நன்றாக அழுதேன்.

மூன்று மணிக்கு என் கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். பதினாறு வருடத்தில் அவர் பார்க்க வந்த முதல் மேட்ச் அது. பாலத்தில் போகும்போது, "யாருக்குக் கத்தணும்னு சொல்லிடு, நானும் கத்துறேன்" என்றார். வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் என்றேன்.

மைதானத்தில் வேப்பமரத்து நிழல் முழுவதும் நீலச் சட்டைக் கூட்டம், எதிர்ப்பக்கம் வெயிலில் பச்சை. அப்பா முட்டிவலி காரணமாக வரவில்லை. அவர் சிநேகிதர்கள் என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள். பச்சைப் பக்கத்திலிருந்து எங்கள் தெருக்காரர்களும் காட்டினார்கள். நான் இரண்டு பக்கமும் போகவில்லை. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால், கயிறு கட்டிய இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதும் கொழுந்தன் எனக்கு நேர் முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவன் நன்றாக ஆடினான். இரண்டு பந்தைத் தட்டிவிட்டான், ஒன்றைத் தாவிக் கட்டிப்பிடித்தான். ஒவ்வொரு தடவையும் கைதட்டத் தூக்கிய கையை நான் பாதியில் இறக்கிக்கொண்டேன். நிழலில் இருந்தவர்கள் என் அப்பாவைத் தெரிந்தவர்கள்.

முடிய ஐந்து நிமிடம்கூட இருக்காது. பச்சைச் சட்டையில் டிஃபென்ஸ் ஆடுகிற ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டிவிட்டான். ரெஃப்ரி ஊதினார். பெனால்டி.

நிழல் பக்கம் ஆர்ப்பரித்தது. சித்தப்பா மகன் பந்தை எடுத்துவந்து புள்ளியில் வைத்தான். அவன் முகம் எனக்கு எதிரே, கொழுந்தனின் முதுகு எனக்கு முன்னால். இவன் அடித்தால் அப்பா முப்பத்தைந்து வருடமாகக் காத்திருந்தது நடக்கும். பந்து உள்ளே போனால் கொழுந்தனுக்குக் கம்பத்துக்கு நடுவே இனி இடம் கிடையாது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார்.

"தம்பீ!"

கத்தியது நான்தான். ஏன் கத்தினேன், என்ன சொல்ல வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் நான் இரண்டு பேரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். சித்தப்பா மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கொழுந்தனின் கழுத்தும் லேசாகத் திரும்பியது. வெயிலிலும் நிழலிலும் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

விசில் ஒலித்தது. சித்தப்பா மகன் ஓடிவந்தான். பாதி ஓட்டத்தில் ஒரு கணம் தயங்கியதுபோல் தெரிந்தது. இடது பக்கம் அடித்தான். கொழுந்தனும் இடது பக்கம் பாய்ந்தான். அழகாகப் பாய்ந்தான் என்று சொல்ல முடியாது, பழக்கமில்லாத பக்கம், மூட்டை விழுவதுபோல் விழுந்தான். ஆனால் மணிக்கட்டு பந்தில் பட்டது. பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போனது.

நான் குதித்தேனாம். கயிற்றைப் பிடித்து ஆட்டினேனாம். என் கணவர் சொல்லித்தான் தெரியும். கார்னர் அடித்தார்கள், யாரோ தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள், ஆட்டம் முடிந்தது. பச்சை ஏறிவிட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாம ஜெயிச்சோமா?" என்றார் கணவர்.

"எந்த நாம?" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பச்சைச் சட்டைக்காரர்கள் கொழுந்தனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் நேராக என்னிடம் வந்தான். முழங்கை உரிந்திருந்தது. கோச் முதுகில் தட்டி அடுத்த சீசனும் நீதான் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "பசிக்குது அண்ணி" என்றான். அந்த இரண்டு வார்த்தை போதும் எனக்கு. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அவன் காதைப் பிடித்துத் திருகினேன்.

ஸ்கூட்டர் பக்கம் போகும்போது சித்தப்பா மகன் வந்தான். பூட்ஸைக் கையில் வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும்தான் நான் எதற்காகக் குதித்தேன் என்பது உறைத்தது. அப்பாவின் கிளப் இன்னும் ஒரு வருடம் கீழேதான்.

"அவர்கிட்டயும் சொல்லிட்டீங்களாக்கா?"

"காலைல சொன்னேன்டா."

"சரி, அது நியாயம்தான்" என்றான். கொஞ்சம் நின்றான். "கூப்பிட்டீங்களே, அது யாரை?"

உன்னைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய்க்குப் பொய்யும் சுலபம்தான். ஆனால் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் அது வரவில்லை.

"தெரியலடா."

"எனக்குத் தெரியும்க்கா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. "நான் தலையைத் தூக்கி உங்களைப் பாத்தேன். நீங்க என்னைப் பாக்கல."

"ஆமாடா" என்றேன். சொன்ன பிறகு மூச்சு சுலபமாக வந்தது. அவன் பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன்க்கா, பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிழல் பக்கம் நடந்தான்.