டெஸ்ட் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன்

கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். காலையில் போய் நின்றால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கனைப்பார். அங்கே நின்றுகொண்டே முடிவு செய்ததுதான் இந்த டிசைன் வேலை. கலை ஆர்வம் என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன். உண்மையில் எனக்கு முதலில் இருந்தது நாற்காலி ஆசை.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, செல்லூரில் இருக்கும் ஒரு பிரஸ்ஸுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கம் காதணி விழா பேனர் என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐம்பது சொந்தக்காரர் முகம் வேண்டும். தாய்மாமன் முகம் எல்லாரையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீரோடு மண்டப வாசலிலேயே நின்றுவிடுவார். ஐம்பது பேரும் போனில் அனுப்புகிற படங்களில் பாதி பஸ்ஸில் எடுத்தது, மீதி கல்யாணப் பந்தியில் எடுத்தது. ஒவ்வொரு தலையாக வெட்டி எடுத்து, எல்லார் மேலேயும் ஒரே வெளிச்சம் விழுகிற மாதிரி செய்து, வரிசை பிசகாமல் வைக்க வேண்டும்.

முப்பதாவது தலையிலேயே என் பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பிக்கும். சேவ் கொடுத்துவிட்டு எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் சேவ் ஆவதைக் காட்டுகிற கோடு பாதியில்தான் நிற்கும். இப்படியே இரண்டு பேனர் தாமதமாகப் போனது. இரண்டாவது தடவை பிரஸ்காரர் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒன் டிசைன்ல ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா ஆவணி பொறந்தா எனக்கு அம்புட்டு வேல கெடக்கு. ஒன் பெட்டி தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள விசேஷமே முடிஞ்சு போயிரும். அடுத்த வாரம் சனிக்கிழம பன்னெண்டு மணிக்கு ஒரு காதணி பேனர் மிஷின்ல ஏத்தணும். அதுலயும் லேட்டுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காத."

கோவிச்சுக்காத என்று சொன்னால் கோபம் போய்விடுமா? நன்றாகவே வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வந்தது. இந்த வேலை போனால் எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை சேலை விரித்துக் காட்டுவதுதான். மறுபடி அந்தத் தரையில் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வழி இல்லை. மானிட்டர், பெட்டி, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் பழசே இருக்கட்டும், உள்ளே இருக்கும் பிராசசரையும் மதர்போர்டையும் மட்டும் மாற்றலாம், கூட ரேம் ஒன்று போடலாம் என்று கணக்குப் போட்டேன். எது வாங்குவது என்று தெரிந்தவர்களைக் கேட்டதுதான் தப்பு. பிராசசரில் பெரிய கம்பெனி இரண்டுதான், ஆனால் ஆளுக்கொரு கட்சியாக நின்று தேர்தல் மாதிரிப் பேசினார்கள். எல்லாரும் என்னைக் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, உனக்கு என்ன வேலைக்கு என்பதுதான். நானே படித்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். காய் நறுக்கும்போது பார்த்தேன், துணி மடிக்கும்போது பார்த்தேன். மிச்சமான கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், பிராசசர் சமையல்காரர், மதர்போர்டு அவர் நிற்கிற அடுப்படி. கெட்டிக்காரச் சமையல்காரரைக் கூட்டி வந்து ஒற்றை அடுப்பில் நிறுத்தினால் பந்திக்குச் சோறு வராது. அதே மாதிரி எல்லாச் சமையல்காரரும் எல்லா அடுப்படியிலும் நிற்கவும் மாட்டார், இன்னதுக்கு இன்னது என்று சாக்கெட்டுப் பொருத்தம் உண்டு. நான் விளையாடப் போவதில்லை, அதனால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். படம் காட்டுகிற வேலையையும் பிராசசரே பார்க்க வேண்டும். ஆறு கோர், அதாவது சமையல்காரருக்கு ஆறு கை, இருந்தால் என் ஐம்பது தலைக்குப் போதும். புத்தம்புது மாடல் போர்டு எடுத்தால் அதற்கு விலை கூடின ரேம் கேட்கும், ஆகவே ஒரு படி பழைய மாடல் போர்டு. அதில் ரேம் போட நாலு இடம் இருக்க வேண்டும், இப்போது ஒன்று போட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சிவப்பு மையில் ஒன்று எழுதினேன். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் அதன் உள்ளே இருக்கும் பயாஸ் என்கிற புரோகிராமுக்குப் புதுப் பிராசசரை அடையாளம் தெரியாது, அதை அப்டேட் செய்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடிக்கடைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் காலேஜ் பஸ் ஓட்டுகிறார், அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தார். கடைக்காரர் அவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே, என்ன பட்ஜெட்டு?"

"அவகிட்ட கேளுங்க" என்றார் இவர்.

கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி இவரிடமே திரும்பினார். "அக்காவுக்கு டைப்பிங்குக்குத்தானண்ணே? இந்தா இது போதும், இதவிட வேகமா எதுவும் கெடைக்காது" என்று ஒரு பிராசசர் டப்பாவை எடுத்து வைத்தார்.

டப்பாவைத் திருப்பி மாடல் எழுத்தைப் பார்த்தேன். "இதுல டிஸ்பிளே வராது. இதுக்கு கார்டு தனியா போடணும். கார்டு நீங்க சும்மா தாரீங்களா?" என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அட்டையைப் பார்த்துப் பார்த்து நான் கேட்ட பிராசசர் இருந்தது. நாலு ரேம் இடம் உள்ள போர்டும் ஒன்றே ஒன்று இருந்தது. சிவப்பு மைக் கேள்வியையும் கேட்டேன். அவரும் நேர்மையாகவே பதில் சொன்னார்.

"போட்டுப் பாத்தாத்தான் தெரியுங்க்கா. ஒரு அரை மணி நேரம் உக்காருங்க, மாட்டி ஆன் பண்ணி டெஸ்ட் பண்ணியே தாரேன்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம்.

இந்த இடத்தில் நான் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும், திட்டிக்கொள்கிறேன். ஒரு வாரம் உட்கார்ந்து சாக்கெட்டு, கோர், பயாஸ் எல்லாம் படித்த மண்டைக்குள் அந்த நேரம் ஒன்றுமே இல்லை. வீட்டில் மிக்சி வாங்கினாலும் நல்ல நேரம் பார்த்துப் பொட்டு வைத்துத்தான் முதல் சுவிட்சைப் போடுவோம். இது என் பிழைப்பு. இதைப் போய் ராகு காலத்தில், அதுவும் யார் வீட்டுக் கடையிலோ முதல்முதலாக ஆன் செய்வதா?

"டெஸ்ட் வேணாம். மொதல்ல ஆன் பண்றது எங்க வீட்லதான்" என்றேன்.

"அவரு பண்ணித் தரட்டுமே" என்றார் என் வீட்டுக்காரர் மெல்ல.

"உங்களுக்குத் தெரியாது, பேசாம இருங்க."

கடைக்காரர் பில்லின் அடியில் 'டெஸ்ட் செய்யாமல் வாங்கப்பட்டது' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார். ஜம்பமாகக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் டூட்டிக்குப் போய்விட்டார். பன்னிரண்டு கழிந்த பிறகு பழைய போர்டைக் கழற்றினேன். அதன் ஃபேனைப் பிடித்திருந்த கிளிப், இத்தனை வருஷச் சூட்டில் இற்றுப் போயிருந்தது போல, படக்கென்று முறிந்தது. ஃபேன் நிற்காமல் இனி அந்தப் பழைய போர்டு உதவாது. போகட்டும், புதுசுதான் வந்துவிட்டதே என்று புதுப் போர்டைப் பெட்டிக்குள் பொருத்தி, பிராசசரை வீடியோவில் காட்டியபடி மூலை பார்த்து வைத்து, பெட்டி நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ரேமைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினேன். மூன்று மணிவரை அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். கடைசியில் போர்டு வந்த டப்பாவைத் திருப்பித் தேதியைப் பார்த்தால், அது என் பிராசசர் வெளியே வருவதற்கு முன்னால் தயாரானது. நான் சிவப்பு மையில் எழுதிய அதே விஷயம். எழுதி, கேட்டு, செய்து தருகிறேன் என்று சொன்னவரிடம் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அழுகை வந்தது. ஐந்து நிமிஷம் அழுதேன், அதற்கு மேல் நேரம் இல்லை.

கடைக்குப் போன் போட்டேன்.

"நீங்கதானக்கா டெஸ்ட் வேணாம்னீங்க" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "பழைய பிராசசர் ஒண்ண மாட்டித்தான் அப்டேட் பண்ணணும். அது மெக்கானிக்குகிட்ட இருக்கு, இன்னிக்கு அவரு வரல. காலைல ஒம்போது மணிக்கு எடுத்துட்டு வாங்க."

"ஒம்போதுக்கு வாரேன்" என்றேன்.

சாயங்காலம் இவர் வந்தார். பொட்டு வைத்த பெட்டியையும் கறுப்புத் திரையையும் பார்த்தார். உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சனிக்கிழமை காலை முழுப் பெட்டியையும் ஒரு போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். கீபோர்டையும் மவுசையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். இவருக்கு டூட்டி, நான் மட்டும்தான். மெக்கானிக் பழைய பிராசசரை மாட்டி, பென்டிரைவில் இருந்து அப்டேட் ஏற்றி, மறுபடி என் பிராசசரை மாட்டி முடிக்கும்போது மணி ஒன்பதே முக்கால். அவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். கடைக்காரர் தடுத்தார்.

"இருப்பா. அக்கா, சனிக்கிழம ஒம்போதுல இருந்து பத்தரை ராகு காலம். கழிச்சு ஆன் பண்ணுவமா? நேத்து அவ்வளவு சொன்னீங்க."

கேலியா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்குப் பிரஸ்ஸில் பேனர் இருக்க வேண்டும், பழைய போர்டிலேயே வெட்டி வைத்த முப்பது போக, வெட்ட வேண்டிய தலை இன்னும் இருபது இருந்தது.

"ராகு வந்தா உக்காரச் சொல்லுங்க" என்று சொல்லி நானே சுவிட்சை அமுக்கினேன்.

திரையில் எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் வைத்திருந்த மீனாட்சி அம்மன் கோபுரப் படமும் வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய் வேலை பார்க்க நேரம் இல்லை.

"அண்ணே, உங்க மானிட்டரு ஒரு ஒண்ணர மணி நேரம் வேணும். ஒரு ஸ்டூலும் குடுங்க."

அவர் ஸ்டூலைத் தரவில்லை. தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று பார்க்க, கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்து இருபது தலையும் வெட்டினேன். தாய்மாமனைப் பெரிதாக்கினேன். சேவ் கொடுத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டேன். உலை வைக்க இங்கே எங்கே அடுப்பு என்று நினைப்பதற்குள் முடிந்திருந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

திரும்ப வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு, பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, யானைக்கல் பாலம் தாண்டி செல்லூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பிரஸ்காரர் ஃபைலைத் திறந்து பார்த்தார், மிஷினில் ஏற்றச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"புதன்கெழமைக்கு ரெண்டு பேனர் இருக்கு தங்கச்சி. ஏலுமா?"

"நாளைக்கே தாரேன், படத்த அனுப்பச் சொல்லுங்க."

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தபோது பெட்டி முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது, நான் அடுத்த பேனரில் இருந்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், பக்கத்தில் தொங்கிய நாள்காட்டித் தாளைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"எத்தன மணிக்கு ஆன் ஆச்சு?"

"ஒம்போதே முக்கால்."

"ராகு காலமாச்சே."

"ஆமா" என்றேன், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "நான் உக்காந்துட்டேன். இனிமே ராகு நிக்கட்டும்."