கலாஸ்

புஜைரா ஆஸ்பத்திரியில் அப்பாவின் இதய அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து வந்த அரபி நர்ஸ் "கலாஸ்" என்றாள். முடிந்தது என்று அர்த்தம். எது முடிந்தது?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவும் இந்த வார்த்தையில் மாட்டினார். அஜ்மானில் அவர் மெக்கானிக். அவருக்கு விசா கொடுத்த கபீலின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், அறுபதுகளில் செய்தது, மாதக்கணக்கில் கராஜில் கிடந்தது. "பாடி இத்தாலி, இன்ஜின் அமெரிக்காடி" என்று வீட்டில் பீற்றிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கராஜ் முழுக்கச் சூடான ஆயில் வாசம். கபீல் வந்து, "இன்ஜின்?" என்றார். வேலை முடிந்த சந்தோஷத்தில் அப்பா முதலாளியிடம், "இன்ஜின் கலாஸ், அர்பாப்!" என்றார்.

கபீலின் முகம் வெளுத்தது. அவருடைய தகப்பனார் ஓட்டிய கார் அது. "கலாஸ்?" என்று கத்தினார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "விசா கேன்சல்!" என்றார் கபீல். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

பள்ளியில் அரபி படித்த எனக்கு விளங்கிவிட்டது. "அப்பா, இன்ஜின் செத்துப்போச்சுன்னு நெனைக்கிறாரு! சாவியத் திருப்புங்க!"

திருப்பினார். உறுமலில் தகரக் கூரை அதிர்ந்தது. கபீல் பானட்டில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

இப்போது நான் நர்ஸைத் தாண்டி உள்ளே போய், அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன்.

ஓடிக்கொண்டிருந்தது.