ஒரு பேஸ்பால் பந்தயமும் என் எம்.எஸ்ஸி.யும்

எழுபதுகளின் தொடக்கத்தில், மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகிச் சென்னையிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் முடிந்திருந்தது. கணவர் சிவில் இன்ஜினீயர். நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, துவரம்பருப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அங்கே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் சேர வேண்டும். "இந்தக் குளிர்ல ரெண்டு பஸ் மாறிப் போவியா? அடுத்த வருஷம் பார்க்கலாமே" என்றார் அவர். போன வருஷமும் இதே பாட்டுதான்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷர். ஆனால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லியே ஆளை உட்கார வைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரொக்ஸ்பரோவில் இருந்த ஒரு நண்பர் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். ஆண்கள் டி.வி. முன்னால், பெண்கள் அடுப்பு முன்னால். ஊருக்கென்று ஒரு பெரிய லீக் பேஸ்பால் அணி வந்த புதிது, எல்லோருக்கும் அதே பைத்தியம். கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று நம்மவர்களுக்குத் தெனாவட்டு வேறு. ஒரு நாள் சாம்பார்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தபடி, "நம்ம ஊர் டீம் இன்னைக்குத் தேறாது" என்று வாயை விட்டேன். "அட, அண்ணிக்கு ஆட்டமெல்லாம் புரியுதே!" என்று நண்பர் சிரிக்க, என் கணவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யார் ஜெயிப்பாங்கன்னு நீயும் சொல்லு, நானும் சொல்றேன். ஆகஸ்ட் முடிவுல நீ ஜெயிச்சிருந்தா செப்டம்பர்ல காலேஜ். நான் ஜெயிச்சிருந்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார், அத்தனை பேர் முன்னால். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி" என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதைப் பணயம் வைத்துவிட்டேன் என்று உறைத்தது.

முதல் சில வாரங்கள் நான் சொன்னதெல்லாம் சொதப்பல். எனக்கு இருந்தது கிரிக்கெட் மூளைதானே? நேற்று எதிரணியைச் சுருட்டிய பந்துவீச்சாளர் இன்றும் வருவார் என்று கணக்குப் போட்டேன். என் கணவரோ இன்னும் ஒரு படி மேலே. மைதானத்துக்குப் போனால் புல் ஈரமா, தரை காய்ந்திருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அவருக்கும் பாதி தப்பும் பாதி சரியுமாகத்தான் வந்தது. ஆனால் என்னைவிட முன்னால் இருந்தார், பாவி மனுஷர்.

பக்கத்து வீட்டில் என் வயதிலேயே ஒரு பெண் இருந்தாள். பிரெஞ்சு பேசும் பள்ளிக்கூட ஆசிரியை. கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். அண்ணன் தம்பிகளோடு ஒரு ஆட்டம் விடாமல் சில்லறைப் பந்தயம் கட்டுகிறவள். பின்பக்க பால்கனியில் துணி காயப்போடும்போது அவளிடம் புலம்பினேன். அவள் உடைந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "டீமை விடு. இன்னைக்கு யார் எறியறான்?"

நான் திருதிருவென்று விழித்தேன். அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர் ஒரு நாள் எறிந்தால் அடுத்த சில நாள் அவருக்கு ஓய்வு. நேற்றைய சூரன் இன்று பெஞ்சில்தான் இருப்பான். ஆக, பெயர்தான் ஒரே அணி, தினம் அது வேறு அணி மாதிரி. இன்று எறிபவர் இடக்கையா வலக்கையா, கடைசியாக எப்போது எறிந்தார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இதைத்தான் பார்க்க வேண்டும். ஊரே ஜெயிக்கும் என்று நம்புகிற அணிமேல் கட்டினால், ஜெயித்தாலும் கைக்கு வருவது சொற்பம். ஊர் தப்பாக நினைக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம். எனக்கு ஜிவ்வென்றது. ஐயோ, இது நான் படித்த நிகழ்தகவுதானே! கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் மூளை சுறுசுறுப்பாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

அதன்பின் நான் சொன்னவை பலிக்க ஆரம்பித்தன. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று இருவரும் சமம். முந்தின நாள்தான் எங்கள் ஊர் அணியின் சிறந்த பிட்சர் எதிரணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். "நேத்து பார்த்தேல்ல? இன்னைக்கும் நம்ம டீம்தான்" என்றார் கணவர். நான் எதிரணி என்றேன். நேற்று எறிந்தவர் இன்று வர மாட்டார். வரப்போவது ஒரு கற்றுக்குட்டி. எதிரணியிலோ நன்றாக ஓய்வெடுத்த இடக்கைக்காரர்.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்களோடு மைதானத்துக்கு வந்தாள். நான் சொன்னபடியேதான் ஆட்டம் போனது. கடைசி இன்னிங்ஸ் வரை எதிரணி முன்னிலை. மனசுக்குள் நான் கல்லூரிப் படி ஏறிவிட்டேன். அப்போது எங்கள் ஊர் அணிக்காரன் ஒருவன், இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்க, பந்தைத் தூக்கி அடித்தான். வேலிக்கு இந்தப் பக்கம் விழவேண்டிய பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் போட்டது. ஒரே அடியில் மூன்று ரன், எங்கள் ஊர் அணி ஜெயித்துவிட்டது. ஊரே எழுந்து குதித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுப் பெண் தோளைக் குலுக்கினாள். "நீ சொன்னது சரி. தோத்துட்டோம், அவ்வளவுதான். நாளைக்கு இதே ஆட்டம் வந்தாலும் நான் இதுமேலதான் கட்டுவேன்" என்றாள்.

மூன்று பேருமாக வீடு திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சரியாக யோசித்தவர்களும் தோற்பார்கள். அதனால் யோசித்தது தப்பாகிவிடாது. அப்படியென்றால் என் படிப்பை எதற்காக ஒரு காற்றிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்? கோபமா, தைரியமா, தெரியவில்லை. கணவர் பக்கம் திரும்பினேன்.

"என்னங்க, பந்தயத்துல தோத்துட்டேன். ஒத்துக்கறேன். ஆனா செப்டம்பர்ல நான் காலேஜுக்குப் போறேன்."

அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம். நாலு எட்டு நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஃபீஸ் கட்ட கடைசித் தேதி என்னைக்கு?"

நடுத்தெருவில் அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எங்கள் தமிழ் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எம்.எஸ்ஸி. முடித்தேன், வேலைக்கும் போனேன், பந்தயங்கள் பிறகும் எத்தனையோ கட்டினேன், தோற்கவும் செய்தேன். ஆனால் ஜெயித்தால்தான் கிடைக்கும் என்று என் வாழ்க்கையை யாருடைய ஆட்டத்தின் மேலும் அதற்குப் பிறகு நான் வைத்ததே இல்லை.