ருசி பார்க்கக் கூடாத பொங்கல்

போன வாரம் கொல்லிமலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை. முதல் பொங்கல் பிரமாதம். இரண்டாவதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை மலையாக அலைவது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கூடாரம், ஒரு ஸ்லீப்பிங் பேக், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கேஸ் ஸ்டவ். 'இந்த வயதில் இது தேவையா?' என்று கேட்டு மெயில் வந்துகொண்டே இருக்கிறது. தேவைதான் ஸார்! நடந்து களைத்துப்போய் உட்காரும்போது வாயில் போடுகிற ஒரு வாய் இனிப்பு இருக்கிறதே... வாழைப்பழத்தை நறுக்கி நெய்யில் வாட்டி, மேலே கொஞ்சம் வெல்லம் தூவினாலே போதும். ரவை இருந்தால் கேசரி. அந்த ருசி வீட்டு டைனிங் டேபிளில் வராது.

இந்தத் தடவை என் மனைவி வளர்மதியும் வந்தாள். அதுதான் புதிது. அவளுக்குச் சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். 'தினமும் பாத்த மலைதானுங்களே, ஏறி வேற பாக்கோணுமா?' என்பது அவள் கட்சி.

பிறகு ஏன் வந்தாள்?

அவள் கழுத்தில் ஒரு கட்டி. பட்டாணி அளவுதான். ஊசியால் உறிஞ்சி எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார் டாக்டர். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு எங்காவது போய்விட்டு வரலாமே என்றேன். "சிக்னல் இல்லாத எடமா இருந்தா வாரேன்" என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. "என்ன யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பாள். நானும் "சரி" என்பேன். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறியபோது மிளகு விலை, பக்கத்து வீட்டு நாய் என்று உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாழைப்பழத்தைக் கையில் எடுத்தேன்.

"அத வைங்க. பொங்கல் வெக்கலாம்" என்றாள்.

பையிலிருந்து பச்சரிசி வந்தது. வறுத்த பாசிப்பருப்பு, பொடித்த வெல்லம், ஏலக்காய், குட்டி பாட்டிலில் நெய்... வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எல்லாம் என் பையிலிருந்து! எனக்குத் தெரியாமல் அடுக்கி, என்னையே சுமக்க வைத்திருக்கிறாள்.

காற்றில் ஸ்டவ் தீ நிற்கவில்லை. மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த சுள்ளி பொறுக்கிப் பற்ற வைத்தோம். அரிசியும் பருப்பும் குழைந்ததும் வெல்லம் போடுவது என் வேலை. நம் கை கொஞ்சம் தாராளம். கிளறினேன், கரண்டியில் எடுத்து ஊதி வாயில் போட்டேன். அடடா! இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டேன். சமைக்கிறவன் ருசி பார்க்காமல் இறக்கக் கூடாது என்பது என் நீண்ட நாள் கொள்கை.

அந்த நேரம் பார்த்துத் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்து நின்றார். எங்கள் வயதுதான் இருக்கும். பாவாயி என்று பெயர், பக்கத்துக் காட்டுக்காரர்.

"ஏனுங்க, கன்னிமாருக்குங்களா பொங்கல்?"

நான் முழித்தேன். அவர் கை காட்டினார். எங்கள் அடுப்புக்கு நேர் எதிரே மரத்தடியில் வரிசையாக ஏழு சின்னக் கற்கள், மேலே மஞ்சள் பூசின தடம். ஓடைக்கரைக் கன்னிமார் சாமி. நாங்கள் கவனிக்கவே இல்லை. பாவாயி பக்கம் நின்று பாருங்கள்... சாமிக்கு முன்னால் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டி. இதை ட்ரெக்கிங் என்று யாராவது நினைப்பார்களா?

"இல்லீங்க, இது சும்மா... சாப்பிடறதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க, கன்னிமாருக்குத்தான்" என்றாள் வளர்மதி.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன வேண்டுதலுங்க கண்ணு?"

"கழுத்துல ஒரு கட்டிங்க்கா. டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்குது. இன்னும் ரிசல்ட் வரலீங்க. ராத்திரியானா தூக்கமே இல்ல... ரொம்பப் பயமா இருக்குதுங்க்கா."

"அட சாமி..." என்று பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். பக்கத்திலேயே படுத்திருந்தவன் நான். எனக்குக் கிடைத்தது 'ஒண்ணுமில்லீங்க'. ஐந்து நிமிஷம் முன்னால் பார்த்த புல்லுக்கட்டு அக்காவுக்கு அத்தனையும் கிடைத்துவிட்டது. கோபம் வந்தது. ஆனால் எனக்கும்தான் பயம், நான் மட்டும் அவளிடம் சொன்னேனா?

பாவாயியின் பார்வை கரண்டிக்கு வந்தது. "ஏனுங்க, வாயில வெச்சுப் போட்டீங்களா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். மீசையில் வெல்லம்.

"ரெண்டு தடவ" என்று போட்டுக்கொடுத்தாள் மனைவி.

"எச்சிப் பொங்கலச் சாமிக்குப் படைக்க முடியுங்களா? இது நம்ம வாய்க்கு ஆவும். சாமிக்கு வேற வெச்சுப் போடலாம். ஊடு இங்கதான், சாமை எடுத்தாரேன். வெல்லம் இருக்குதுங்களா?"

"இருக்குங்க."

"அப்படீன்னா மொதல்ல அந்த ஷூவக் கழட்டுங்க!"

கழட்டினேன். முதல் பொங்கல் வாழை இலைக்கு மாறியது. பாத்திரத்தை ஓடையில் தேய்த்து, பாவாயி கொண்டுவந்த சாமையைப் போட்டோம். அது வெந்ததும் வெல்லக் கவரை எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தாராளக் கை! கவரைத் தட்டித் தட்டி உதறிவிட்டுக் கிளறினேன்.

இனிப்புப் போதுமா? வாழைப்பழத்தையாவது பிசைந்து போடலாமா? தெரிந்துகொள்ள ஒரே வழி, கரண்டி. அதுவும் என் கையில்தான் இருந்தது. பாவாயி மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். வளர்மதி ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள். அவள் கழுத்திலிருந்து எடுத்தது ஏற்கெனவே லேபில் இருக்கிறது. அதில் இருப்பதுதான் இருக்கும். நான் ஒரு கரண்டி சாமைப் பொங்கலைத் தின்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைப் பற்றி உங்களுக்கு ஒரு கட்டுரையே எழுதித் தர முடியும்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாவாயி சூடம் ஏற்றினார். கும்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். காட்டுவேலை முடிந்து அந்த வழியாகப் போன அத்தனை பேருக்கும் இரண்டு பொங்கலும் போயிற்று. முதல் பொங்கலுக்கு இரண்டாம் தடவை கை நீட்டினார்கள். சாமிப் பொங்கலைக் கண்ணில் ஒற்றி, மரியாதையாக விழுங்கினார்கள்.

மலை இறங்கி பேளுக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றபோது வளர்மதியின் போன் அடித்தது. சந்தை நாள், ஒரே இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய்ப் பேசினாள். நான் ஒரு வெங்காயக் கடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாள். "ஒண்ணுமில்லையாமுங்க... சாதாரணக் கட்டிதானாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் சிரித்தாள்.

"ஆனாலும் அந்த ரெண்டாவது பொங்கல்ல வெல்லமே இல்லீங்க. நீங்க ருசி பாக்கலையா?"

"இல்ல."

"ஏனுங்க?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

கொஞ்சம் லேட்தான்... ஆனால் சொல்லிவிட்டேன்.