துண்டைத் தாலாட்டியவன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் நான் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்த காலம். எங்கள் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் நானும் மனைவியும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்வோம். பிள்ளையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அப்போது கடல் தாண்டி ஊரிலிருந்து, ஆளை மயக்கி ஆட்டிவைக்கும் மெஸ்மெரிசக்காரர் ஒருவர் வந்து, நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு அருகில் இருந்த கொட்டகையில் காட்சி நடத்தினார். மனம் கொஞ்சம் மாறட்டும் என்று அவளையும் அழைத்துப் போனேன்.

மேடைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டவர், என்னைப் பார்த்தே கையை நீட்டினார். போய் உட்கார்ந்தேன். விளக்குச் சுடரைப் பார்க்கச் சொல்லி, இமை கனக்கிறது, கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மரியாதைக்காகக் கண்ணை மூடினேன். ஆனால் கையைத் தூக்கு என்றதும் கை தானாக உயர்ந்தது. நான் தூங்கவில்லை. தகரக் கூரையில் விழுந்த மழைகூடக் கேட்டது. நான் ஏன் தூக்க வேண்டும் என்று கேட்கிற ஒன்று மட்டும் உள்ளே ஒதுங்கிப் போயிருந்தது.

ஒரு துண்டைச் சுருட்டி என் மடியில் வைத்தார். "இந்தா தம்பி, உன் பிள்ளை. அழுவுது பாரு, தூங்க வை."

அது துண்டு என்று எனக்குத் தெரியும். பிள்ளை என்றும் தெரியும். தாலாட்டுப் பாடினேன். காய்ச்சல் விட்டதா என்று நெற்றி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டும் பார்த்தேன். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வெளியே போனாள்.

அதன் பிறகு பட்டறையில் அழுக்குத் துணியைச் சுருட்டி என்னிடம் நீட்டுவார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சாப்பாட்டுக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். காட்சிக்கு முன் அந்த ஆள் அங்கே சாப்பிட வந்து, எந்த வீட்டில் சாவு விழுந்தது என்று விசாரித்து, என் அடையாளத்தையும் கேட்டுக்கொண்டாராம்.

வீட்டில் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சும்மா விடாதீங்க" என்றாள். பிள்ளை போன பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கியது. அவர் கண்ணில் எந்தச் சக்தியும் இல்லை. பிள்ளையை இன்னொரு முறை தூக்க வேண்டும் என்ற ஆசை என் அடிமனசில் ஏற்கெனவே கிடந்தது. அவர் அதைத் தெரிந்துகொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். மற்றதை நானே செய்தேன். நான் இடம் கொடுக்காவிட்டால் அவரால் எதுவும் ஆகாது.

கிள்ளானில் அவர் காட்சி என்று கேள்விப்பட்டதும் இருவரும் ரயிலேறிப் போனோம். முன்வரிசையில் என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சுலபமாக மயங்குகிற ஆள் கிடைத்த சந்தோஷம். உடனே மேடைக்கு அழைத்தார். இமை கனக்கிறது என்று அவர் தொடங்கியபோது கன்னத்தின் உள்சதையைக் கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தம் கரித்தது. கண்ணை மூடினேன், சொன்னபடி கையைத் தூக்கினேன்.

"இப்ப இவரோட அடிமனசுதான் பேசும்," என்றார் சபையைப் பார்த்து. "இந்த நிலையில மனுசனுக்குப் பொய் சொல்ல வராது." பிறகு துண்டை மடியில் வைத்தார். "யாரு தம்பி இது?"

"துண்டு."

சிரிப்பு எழுந்தது. "நல்லா பாரு. உன் பிள்ளை."

"என் பிள்ளை செத்துப்போச்சு. அது உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டுல எழவுன்னு சாப்பாட்டுக் கடையில விசாரிச்சுத்தானே அன்னிக்கு என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க."

விழித்துக்கொள் என்று கை தட்டினார். நான் கண் திறக்கவில்லை. அதே தூக்கக் குரலில் மறுபடியும் முழுவதையும் சொன்னேன். நான் சொல்வது பொய் என்று அவர் சொன்னால், சற்றுமுன் சபையிடம் சொன்ன அவர் பேச்சே பொய்யாகும். நான் மயங்கவில்லை என்று சொன்னால் அவர் வித்தை பொய்யாகும். காதருகே குனிந்து, "தம்பி, போதும்பா. என் பொழப்பு" என்று கிசுகிசுத்தார். அதையும் சபைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

சபையில் யாரோ எழுந்து, நேற்று தன் தெருவிலும் இவர் இப்படித்தான் விசாரித்தார் என்றார். பெஞ்சுகள் நகர்ந்தன, கூச்சல் கிளம்பியது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். அவர் தன் சாமான்களைப் பெட்டியில் போடுவதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இனித்தது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவிக்கு மேடை சரியாகத் தெரியவில்லையாம். திரும்பும் ரயிலில், அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள்.